படத்தில் இல்லாத மூன்றாவது ஓடை

பதுளை டவுனில் இருக்கும் மூன்று மாடிக் கடை என்னுடையது. குழாய், வால்வு, தண்ணீர்த் தாங்கி, மோட்டார், எது வேண்டுமென்றாலும் ஆள் என்னிடம்தான் வரவேண்டும். ஹாலிஎலையிலிருந்து பசறை வரைக்கும் குசினியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற வீடுகளில் பாதிக்கு, மலையிலிருந்து தண்ணீரை இறக்கியவன் நான். படித்த இஞ்சினியர் ஒருவர் மூன்று தடவை அளந்து பார்த்து முடியாது என்று எழுதிக் கொடுத்த ஊருக்கு, மோட்டார் ஒன்றும் வைக்காமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிறகு கடைக்கு வந்து, "எப்படி ஐயா செஞ்சீங்க?" என்று கேட்டார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லவில்லை. இரண்டு லொறி, ஒரு வீடு, மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒரு பாலம். ஆமாம், பாலமும் கட்டியிருக்கிறேன். சின்னதுதான், ஆனால் இரண்டு வெள்ளத்துக்கு நின்றிருக்கிறது. இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்பை முடிக்காதவன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். என் வாயில் வருவதைக் கொஞ்சம் சீவிச் சிங்காரித்து எழுதுகிறாள். அது அவள் படிப்பு. விஷயம் என்னுடையது.

நம்முடைய தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் பிறந்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். கோயில் குடமுழுக்குக்குச் சிறப்பு மலர் அச்சுப் போடப் போகிறீர்கள். நம்மோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்து, பின்னால் வாத்தியாராகி, இப்போது ஓய்வில் இருக்கிற கூட்டாளி அதன் மாதிரியை என் கடைக்குக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் போட என் படம் வேண்டும் என்றார். சந்தோஷம், கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் நடுப்பக்கத்தைத் திறந்தேன்.

நம் பள்ளத்தாக்கின் படம். பேரப்பிள்ளைகள் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறார்கள். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இடது பக்கம் ஸ்டோர் ஆறு. வலது பக்கம் கோயில் ஓடை. இரண்டுக்கும் நடுவில், ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம்: புதிய வீடுகள் வரப்போகும் இடம். படத்துக்கு அடியில் நாலு வரி. ஓர் ஆடி மாதத்தில் வறண்டு கிடந்த கோயில் ஓடையில் அம்மன் அருளால் தண்ணீர் பெருகி வந்ததாம். அன்றைய கோயில் தலைவர் முன்னின்று விழாவைச் சிறப்பித்தாராம்.

"எங்கய்யா மூணாவது ஓட?" என்று கேட்டேன்.

"மூணாவதா? ரெண்டுதானேப்பா நமக்கு," என்றார் வாத்தியார்.

இருந்தது மூன்று. அந்த மூன்றாவதில்தான் என் வாழ்க்கை கிடக்கிறது.

நீங்கள் எல்லாம் பள்ளத்தாக்கைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள். நான் கான் வெட்டுகிறவர் மகன். மேலே நின்று குனிந்து பார்த்தவன். ஒன்பதாம் நம்பர் மலை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் நமுனுகுல மலை, மறு பக்கம் தெமோதரை. அங்கே ரயில் ஸ்டேஷனில் நின்றுவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் புகுந்து போகும். சின்ன வயதில் ரயில் காணாமல் போய் மறுபடி வெளியே வருவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது.

காலடியில் நம் பள்ளத்தாக்கு. ஸ்டோர் ஆறு எந்த மாதமும் வற்றாது. தேயிலை ஆலையான ஸ்டோரின் பின்புறமாக, வாடுகிற கொழுந்தின் வாசனையைச் சுமந்துகொண்டு, பாறையில் முட்டி முட்டிப் போகும். கோயில் ஓடை அப்படியில்லை. மணலும் கூழாங்கல்லுமாக, கணுக்கால் நனைகிற தண்ணீர். ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் வெயில் குடித்துவிடும். இரண்டும் கீழே பதுளு ஓயாவில் போய் விழும். இவ்வளவும் உங்கள் படத்தில் சரி.

மூன்றாவது, ஒன்பதாம் நம்பர் மலையின் நெற்றியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பிறக்கும். நாற்பது அடி எடுத்து வைக்கிற தூரம்தான் வெளியே ஓடும். அப்புறம் மாடு படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. அதன் வயிற்றுக்கடியில் ஒரு பொந்து. அதற்குள் போய்விடும். சத்தமே இருக்காது. அப்பா அதற்கு ஊமையன் என்று பெயர் வைத்திருந்தார். சுற்றிலும் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றதால் கொழுந்து பறிக்கிற பெண்கள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல், சரிவுக்குக் குறுக்கே வாங்கிப் பக்கவாட்டில் இறக்கிவிட வெட்டுகிற வாய்க்கால்தான் கான். அப்பா முப்பது வருஷம் அதை வெட்டினார். வேறு வேலை தெரியாது, பேச்சும் தெரியாது. எனக்கு அவர் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னை ஒரு கல்லின் மேல் உட்கார வைப்பார், அவ்வளவுதான். பால்டின் ஒன்று வைத்திருந்தார், மூடியில்லாதது, விளிம்பு நசுங்கியது. அதில் செம்மண்ணைக் குழைத்து எடுத்துக்கொண்டு மேலே போவார். "செவக்குதான்னு பாரு. கண்ண எடுக்காத," என்று மட்டும் சொல்வார். மேலே தண்ணீரில் செம்மண்ணை ஊற்றுவார். நான் கீழே ஒரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவந்தால், இதுவும் அதுவும் ஒரே தண்ணீர். புதுக் கான் எங்கே வெட்டலாம், எங்கே மம்பட்டியை வைக்கவே கூடாது என்று அவர் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ஊமையனில் ஊற்றிய அன்றைக்கு என்னை உட்காரவைத்த இடம் நம் லயத்துப் பீலி. நினைவிருக்கிறதா? லயத்து வரிசையில் கடைசி அறையான காம்பராவுக்குப் பக்கத்தில், பின்புறத்து மண்மேட்டிலிருந்து மூங்கிலைப் பிளந்து சொருகி வைத்திருப்போமே, அதிலிருந்து கட்டைவிரல் பருமனில் தண்ணீர் இரவும் பகலும் விழுமே, அது. நாம் குளித்ததும் குடித்ததும் அதில்தான். ஒரு சட்டி சோறு கொதித்து வடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பீலித் தண்ணீர் சிவந்தது. அப்போதுதான் விளங்கியது: தெமோதரை ரயில் மாதிரி, ஊமையன் நம்முடைய லயத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாத," என்றார். அன்றிலிருந்து அந்தப் பொந்தில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொண்டார். மழைத்தண்ணீர் அதற்குள் போகாதபடி மேலே ஒரு கான் வெட்டி ஸ்டோர் ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார். தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு அம்மா இல்லை. நான் பிறந்ததும் செத்துப்போய்விட்டாள். கடைசிக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, என்னை வளர்த்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதவள் இல்லை. தேயிலைச் செடி வரிசையான நிறையில் முந்திக்கொண்டு கொழுந்து பறிப்பாள், சத்தமாகச் சிரிப்பாள். "மருமகனே, பெரிய ஆளானா எனக்கு வீட்டுக்குள்ள பீலி வெச்சுக் குடுப்பியாடா?" என்பாள். வீட்டுக்குள் பீலி! லயமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த ஆடியில் அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். மம்பட்டி காலில் பட்டு, புண் பழுத்து, மாதக்கணக்கில் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் திருவிழா வந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கரகம் பாலிப்பது, அதாவது அம்மனைக் கரகத்தில் அழைத்து எழுப்புவது, ஓடுகிற தண்ணீரில்தான். குடத்துத் தண்ணீரும் ஆகாது, தேங்கின தண்ணீரும் ஆகாது. அந்த வருஷம் காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. கோயில் ஓடையில் வெறும் கல் கிடந்தது. மேற்கணக்கு என்று சொல்கிற மேல் டிவிஷன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஒங்க அம்மாவுக்கு கால் கழுவக்கூட தண்ணி இல்லையாமே," என்றான் ஒருவன். "எங்க ஓடைக்கு அழைச்சிட்டு வாங்க. மொத மரியாதைய எங்களுக்கு விட்டுக் குடுத்துட்டு, தாராளமா கரகம் பாலிங்க."

நம் கோயில் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார். முதல் மரியாதை கைமாறினால் அப்புறம் திரும்பி வராது. அப்போது பத்து வயதுப் பயல் ஒருவன் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றான். நான்தான்.

"தண்ணி இருக்கு. எனக்குத் தெரியும்."

"எங்கடா இருக்கு? ஒங்கப்பன் மம்பட்டிப் பிடியிலயா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

அந்தச் சிரிப்புதான் என்னை மலைக்கு ஏற்றியது. முன்னால் நான் நடந்தேன், பின்னால் இருபது ஆண்கள். மானாப்புல் கன்னத்தைக் கீறியது. புல்லை விலக்கி ஊமையனைக் காட்டியபோது தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "ஆத்தா ஒளிச்சு வெச்சிருந்தா," என்றார். ஒளித்து வைத்தது ஆத்தா அல்ல, என் அப்பா. நான் திருத்தவில்லை.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. சாக்கில் களிமண் அடைத்துப் பொந்தின் வாயை மூடினார்கள். ஊமையனைத் திருப்பி, சரிவுக்குக் குறுக்கே, நம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்கு மேலாகவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் இழுத்துக் கோயில் ஓடையில் கொண்டுபோய் விட்டார்கள். வழியில் அப்பாவின் கான் குறுக்கிட்டது. அதையும் வெட்டி உடைத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு என் ஆள் ஒருவன் அப்படி ஒரு வாய்க்கால் இழுத்தால் அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அன்றைக்கு நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

திருவிழா அப்படி ஒரு திருவிழா. தப்பு மேளச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க முட்டித் திரும்பி வந்தது. மேற்கணக்குக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் காட்டிய பயல் என்று என் தலையில் சிவப்புப் பரிவட்டம் கட்டினார்கள். உங்களில் ஒருவரின் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினார். பூசாரி ஒரு நல்ல கல்லாகத் தேடி எடுத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பொந்தை மூடிய அந்தச் சாக்கின் மேலேயே நட்டார். அம்மன் கண் திறந்த இடமாம். அங்கே செருப்போடு போகக்கூடாது, மம்பட்டி படக்கூடாது என்று கட்டளை.

மறுநாள் நம் பீலி நின்றுவிட்டது.

அத்தை வெறும் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மருமகனே, அது ஒங்கப்பன் பொத்தி வெச்சிருந்த எடம்டா. ஒனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ஆற்றுக்கு நடந்தாள். அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் எல்லோரும் விடிந்ததும் அந்த வழுக்குப் படியில் இறங்கி ஏறினார்கள். அம்மனுக்காக என்று நினைத்து ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அப்பா ஆவணியில் வந்தார், ஊன்றுகோலோடு. லயத்துக்கு ஏறுகிற வழியிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு, "பீலி சத்தம் எங்க?" என்றார்.

தலைவரிடம் போய்ப் பேசினார். முப்பது வருஷத்தில் அவர் பேசியது எல்லாவற்றையும் கூட்டினாலும் அன்றைக்குப் பேசியதற்கு ஈடாகாது.

"திருவிழாவுக்குத் திருப்புனீங்க, சரி. முடிஞ்சுதுல்ல தலைவரே. பொந்து வாய தொறந்து விட்டுருங்க. ஐப்பசி மழை வந்தா அந்த வாய்க்கா தாங்காது. வழிஞ்சு, லயத்து மேட்டுலதான் எறங்கும்."

"அங்க அம்மன் கல்லு நட்டிருக்கு. அது மேலயா மம்பட்டி வெக்கச் சொல்ற?"

"கல்ல எடுத்து கோயில்ல வைங்க. அம்மனுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"கால்ல மம்பட்டி பட்டது பத்தாதுன்னு இன்னும் வாய் நீளுதா ஒனக்கு?" என்றார் தலைவர்.

நாலு நாள் பொறுத்தார் அப்பா. ஐந்தாம் நாள் ஊன்றுகோலையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு தானே மலைக்கு ஏறினார். முதல் கொத்து கொத்தியிருப்பார், பார்த்துவிட்டார்கள். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அதே இடத்தில், கூட்டம் கூடியது. அப்பாவை நடுவில் நிறுத்தினார்கள்.

அப்பா செம்மண் கதையைச் சொன்னார். ஊமையன் லயத்துக்கு அடியில் போகிறது, பீலியாக வருகிறது, என் மகன் கண்ணால் பார்த்தான் என்றார். கூட்டம் கொஞ்சம் அசைந்தது. பீலி நின்றுபோனதை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதும் என்கிற நிலை. தலைவர் என்னைக் கூப்பிட்டார். என் தலையில் பரிவட்டம் இருந்தது. அதைக் கழற்றாமல் ஒரு மாதமாகத் திரிந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, நீ அம்மன் காட்டுன பிள்ள. பொய் சொல்லமாட்ட. பீலித் தண்ணி செவந்தத நீ பாத்தியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஊன்றுகோலில் சாய்ந்து, அழுக்குக் கட்டோடு நின்றார். உங்களையெல்லாம் பார்த்தேன். பார்த்தேன் என்று சொன்னால் அந்தத் தண்ணீர் அம்மன் தண்ணீர் இல்லை, வெறும் கான் தண்ணீர். நானும் வெறும் கான்காரன் மகன்.

"தெரியாது," என்றேன்.

அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "இந்த வாயிக்காடா நான் சோறு ஊட்டுனேன்?" என்று கத்தினாள். அவளை உட்காரச் சொன்னார்கள். அம்மன் கல்லின் மேல் மம்பட்டி வைத்த குற்றத்துக்கு அப்பாவின் தலைக்கட்டை, குடும்பத்தின் பெயரையே, கோயில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இனி அவர் வீட்டிலிருந்து அர்ச்சனைத் தட்டு வராது, வந்தாலும் வாங்கமாட்டார்கள்.

அத்தை வீட்டில் அன்றைக்கும் எனக்குச் சோறு இருந்தது. அப்பா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "பரிவட்டத்த கழட்டி வெச்சிட்டுச் சாப்புடு. கொழம்பு பட்டுரும்," என்றார். அடித்திருக்கலாம். அதைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. நம் ஊவாப் பக்கத்தில் ஆறு மாதம் ஒளிந்திருந்துவிட்டு ஒரேயடியாக வருமே, அந்த மழை. ஸ்டோர் ஆற்றுப் படியில் அத்தை குடத்தோடு விழுந்து கணுக்கால் வீங்கிப் போனது. பீலி இருந்திருந்தால் அவள் அந்தப் படிக்குப் போயிருக்கமாட்டாள். அதனால் வேலைக்குப் போகாமல் காம்பராவில் படுத்திருந்தாள். அப்பா அன்று வேறு மலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வாத்தியார்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லயத்துப் பின்மேடு இறங்கியிருந்தது. கடைசி மூன்று காம்பரா இருந்த இடத்தில் சிவந்த சேறு. இரண்டில் யாரும் இல்லை, மலைக்குப் போயிருந்தார்கள். அப்பா ஓடி வந்தார். அந்தக் காலோடு எப்படி ஓடினார் என்று தெரியவில்லை. மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். மம்பட்டி அவள் மேல் பட்டுவிடும் என்று. மத்தியானம் அத்தையை எடுத்தார்கள். சேற்றோடு சேறாக அந்த மஞ்சள் கல்லும் வந்து கிடந்தது. கீறல்கூட இல்லை. அதை நாலு பேர் கழுவி, பட்டுச் சுற்றி, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அம்மனுக்கு வலது பக்கத்தில் வைத்து நீங்கள் விளக்கேற்றுகிறீர்களே, அதுதான் அந்தக் கல்.

தோட்டத்து மேனேஜர் துரை வந்து பார்த்தார். மலை வேலையைக் கவனிக்கிற கணக்கப்பிள்ளை, "கான் சரியா வெட்டல" என்று எழுதிக்கொண்டார். தலைவர், ஆமாங்க என்றார். ஒரு வாயும் அந்தப் புது வாய்க்காலைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அம்மனைச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். கான் வெட்டியவர் யார்? என் அப்பா. அந்த மாதத்தோடு தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து அவர் பேர் வெட்டப்பட்டது. மம்பட்டி, பால்டின், இரண்டு சாக்கு மூட்டையோடு நாங்கள் பதுளைக்கு நடந்தோம். அவர் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். செத்துப்போகிற வரைக்கும் ஒரு தடவைகூட மண்ணில் மம்பட்டி வைக்கவில்லை. நான் ஒரு குழாய்க் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். அதற்கப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். பால்டின்னை என் மனைவி வீடு மாறும்போது பழைய தகரத்தோடு போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்.

நம் மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்றைக்கும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் வாத்தியாரை வேனில் ஏற்றிக்கொண்டு நம் பள்ளத்தாக்குக்குப் போனேன். கடையிலிருந்து ஒரு வாளி காவிப் பொடி எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது, மலை ஏறமுடியாது. டிரைவர் பையனிடம் போனில் வழி சொல்லி ஏற்றிவிட்டேன். பாறை இன்னும் மாடு மாதிரியே படுத்திருக்கிறது என்றான். சாக்கும் களிமண்ணும் அந்த மழையோடு போய்விட்டதால் பொந்து திறந்துதான் இருக்கிறதாம். பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றச் சொன்னேன்.

நானும் வாத்தியாரும் உங்கள் மஞ்சள் கட்டத்துக்கு நடுவில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பழைய லயம் சரிந்த இடம்தான் அது. மானாப்புல் மூடி, பார்க்கச் சமதரை மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு அளந்த முளைகள் வரிசையாக அடித்திருந்தார்கள். புல்லுக்குள் ஓர் இடத்தில் மட்டும் சேறு கசிந்தது.

"எதுக்குப்பா இங்க ஒக்கார வெச்சிருக்க?" என்றார் வாத்தியார்.

"செவக்குதான்னு பாரு. கண்ண எடுக்காத."

ஒரு சட்டி சோறு வேகிற நேரம். பிறகு, நாலாவது முளைக்கும் ஐந்தாவது முளைக்கும் நடுவில், சேறு மெதுவாகச் சிவந்தது. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

"சரி. ஓடைய வரைஞ்சிடுறேன்," என்றார் கடைசியில். "வீட்டு எடத்தையும் மாத்தச் சொல்லி எழுதிக் குடுப்போம். கண்டுபிடிச்சவருன்னு ஒன் பேரையே போடுறோம். போதுமா?"

"மத்தது?"

"மத்தது என்னத்துக்குப்பா? நீ அப்ப சின்னப் பய. கோயில் மலருல அதெல்லாம் வேணாம். விட்டுத் தள்ளு."

கூட்டாளிகளே, நான் விட்டுத் தள்ளுகிறவன் இல்லை. விட்டுத் தள்ளுகிறவன் மூன்று மாடி கட்டமுடியாது. என் பங்கு எனக்கு வரவேண்டும், முழுசாக வரவேண்டும். படத்தில் மூன்றாவது ஓடையை வரையுங்கள், பொந்திலிருந்து மஞ்சள் கட்டம் வரைக்கும் புள்ளி புள்ளியாக. அதன் பெயர் ஊமையன். பெயர் வைத்தவர் என் அப்பா. அவர் தலைக்கட்டைப் பழைய பட்டியலில் திரும்பச் சேருங்கள். அம்மன் அருளால் என்று போட்டிருக்கிற இடத்தில், அந்த ஆடியில் தண்ணீரைக் காட்டிக் கொடுத்தவன் என்று என் பெயரைப் போடுங்கள். அதற்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், பெரட்டுக் களத்தில் தெரியாது என்று சொன்னவன் என்றும் என் பெயரைப் போடுங்கள். அத்தை அந்த வருஷ ஐப்பசியில் எதனால் செத்தாள் என்பதையும் எழுதுங்கள்.

முதல் வரியை மட்டும் போட்டு அடுத்ததை விட்டால், முன்பக்கத்துக்குக் கொடுத்த என் படத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள்.